எந்தப் பத்தியைக் கேட்பது?

புவியியல் மன்ற மாணவியர்

பள்ளியில் சேர வந்த நாளன்று அலுவலக மேசைமீது விரித்து வைக்கப்பட்டிருந்த பெரிய சேர்க்கைப் பதிவேடு நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். மாணவியின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், தாய்மொழி, ஊர், முன்பு படித்த பள்ளி என்று மேலே வரிசையாகத் தலைப்புகள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் கோடு போட்டுப் பிரித்த நீண்ட இடம். பேச்சில் இதைக் 'காலம்' என்கிறோம்; இக்கட்டுரையில் 'பத்தி' என்று சொல்லுவோம். ஒரு மாணவிக்கு ஒரு வரி, ஒரு செய்திக்கு ஒரு பத்தி. இவ்வளவு தெரிந்திருந்தால் போதும், இனி நாங்கள் சொல்லப் போவதை ஆறாம் வகுப்புத் தங்கையும் புரிந்துகொள்ளலாம்.

இவ்வாண்டு எங்கள் மன்றத்துக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து வீடு திரும்பும் மாணவியருக்குப் பேருந்து நேரம் ஒத்து வருவதில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் இதுபற்றி மனுக் கொடுக்க முடிவு செய்தார்கள். எந்தெந்த ஊர்களிலிருந்து எத்தனை மாணவியர் வருகிறார்கள் என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்று மனுவுடன் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தலைமை ஆசிரியைச் சகோதரி கருதினார்கள். 'நீங்களே போடுங்களேன்' என்றார்கள். நாங்களும் மிகுந்த உற்சாகத்துடன் தலையாட்டிவிட்டோம்.

ஊர்களின் பட்டியலை எங்கே பெறுவது? இணையத்தில் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்றொரு பொது வரைபடம் உண்டு. 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது. உலகெங்கும் உள்ள தொண்டர்கள் தங்கள் ஊர்ச் சாலைகளையும் ஏரிகளையும் கோயில்களையும் தாங்களே குறித்துச் சேர்த்த வரைபடம் அது. யார் வேண்டுமானாலும், எங்கிருந்து பெற்றோம் என்பதைக் குறிப்பிட்டுவிட்டு, இலவசமாகப் பயன்படுத்தலாம். அதிலிருந்து வேண்டிய செய்தியை மட்டும் கேட்டுப் பெறுவதற்கு 'ஓவர்பாஸ்' என்ற வசதியும் இருக்கிறது. இப்படிக் கணினியிடம் முறையாகக் கேட்பதை 'வினவல்' என்பார்கள்.

வினவல் என்றவுடன் பயப்பட வேண்டியதில்லை. அலுவலக உதவியாளரிடம் நாம் கேட்பதைப் போன்றதே அது. 'அண்ணா, சேர்க்கைப் பதிவேட்டில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும், பெயரும் பிறந்த தேதியும் எழுதித் தாருங்கள்' என்று கேட்கிறோம் அல்லவா? இதில் மூன்று செய்திகள் உள்ளன. எந்தப் பதிவேடு, எந்த வரிகள், எந்தப் பத்திகள். முதல் இரண்டையும் எல்லோரும் கவனமாகச் சொல்லிவிடுகிறார்கள். மூன்றாவதில்தான் அசட்டையாக இருந்துவிடுகிறோம். எங்களுக்கும் அப்படியே ஆயிற்று.

முதல் நாள் நாங்கள் செய்தது இது. திருத்தணியை நடுவில் வைத்து, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, திருவாலங்காடு ஆகியவை அடங்கும்படி ஒரு கட்டம் போட்டோம். கட்டத்துக்குள் இருப்பது அனைத்தும், அவற்றைப் பற்றிய எல்லாச் செய்திகளும் வேண்டும் என்று கேட்டுவிட்டோம். இருக்கட்டுமே, பிறகு வேண்டாததைத் தள்ளிக்கொள்ளலாம் என்பது எங்கள் எண்ணம். பல தரவுத்தளங்களில் 'எல்லாப் பத்தியும்' என்று கேட்க ஒரே ஒரு நட்சத்திரக் குறி போதும். எழுதுவதற்குச் சுலபமாக இருப்பதனாலேயே கை அதை நாடுகிறது. கல்யாண வீட்டில் எல்லாப் பலகாரத்தையும் இலையில் வாங்கி வைத்துக்கொண்டு விழிக்கும் பிள்ளையின் கதைதான்.

கோப்பு பாதியில் மூன்று முறை அறுந்தது. சகோதரியின் கைப்பேசி இணைப்பில் அன்றைக்கு இருந்த டேட்டா முழுவதும் தீர்ந்தது. ஒருவழியாக வந்து சேர்ந்ததைத் திறந்தபோது, ஆய்வகத்தின் பழைய கணினி அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

ஏன் அவ்வளவு கனம்? காரணம் ஒரு பத்திதான், அதாவது வடிவப் பத்தி. ஓர் ஊரைப் புள்ளியாகக் குறித்தால் இரண்டே எண்கள் போதும். அட்சரேகை ஒன்று, தீர்க்கரேகை ஒன்று. அதுவே ஓர் ஏரியின் கரையையோ ஒரு வட்டத்தின் எல்லையையோ குறிப்பதென்றால், வளைவு திரும்பும் இடமெல்லாம் ஒரு புள்ளி வேண்டும். எல்லைக்கோட்டில் 500 புள்ளிகள் இருப்பதாக வைத்துக்கொண்டால் அந்த ஒரு வரிக்கு மட்டும் 1,000 எண்கள் ஆகின்றன. பெயர், வகை, மக்கள்தொகை எல்லாம் சேர்ந்தும் ஒரு வரியில் பத்துச் சொல் தேறாது. வடிவம் மட்டும் பக்கம் பக்கமாக நீளும். எங்களுக்குத் தேவைப்பட்டதோ ஊருக்கு ஒரு புள்ளி. எல்லைக்குப் பதிலாக நடுப்புள்ளி போதும் என்று சொன்னால் ஓவர்பாஸ் அதை மட்டுமே தரும். பிற அமைப்புகளிலும் இதற்கு வழி உண்டு. அரசுத் துறைகள் பலவும் பயன்படுத்தும் 'ஆர்க்ஜிஐஎஸ்' சேவைகளில், வேண்டிய பத்திகளின் பெயரை எழுதவும் வடிவம் வேண்டாம் என்று சொல்லவும் தனித்தனி இடம் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். ஓவர்பாஸ் சர்வர் நமக்காக மட்டும் காத்திருக்கும் இயந்திரம் அன்று. தெருக்குழாயைப் போலப் பலருக்கும் பொதுவானது. ஆகவே, நாமாக வேறு சொல்லாவிட்டால், ஒரு வினவலுக்கு 180 விநாடி, 512 மெகாபைட் நினைவகம் என்று அதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். விக்கிதரவு என்னும் மற்றொரு பொதுக் களஞ்சியத்தில் 60 விநாடிக்கு மேல் எந்த வினவலும் ஓடாது. குழாயடியில் ஒருத்தியே பத்துக் குடத்தை நிரப்பினால் பின்னால் நிற்பவர்கள் என்ன செய்வார்கள்?

இங்கே சற்று விலகி, பத்திகள் சேமிக்கப்படும் விதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நமது சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு மாணவியின் செய்தி எல்லாம் ஒரே வரியில் அடுத்தடுத்து இருக்கிறது. ஊர்ப் பத்தி மட்டும் வேண்டுமென்றாலும் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டித்தான் ஆகவேண்டும். பெரும்பாலான தரவுத்தளங்கள் இப்படி வரிவரியாகவே வைத்திருக்கின்றன. அங்கே பத்தியைக் குறைத்துக் கேட்டால், நமக்கு அனுப்பும் சுமை குறையும். புரட்டும் வேலை அவ்வளவாகக் குறையாது. வேறொரு முறையும் உண்டு. எல்லா மாணவியரின் பெயர்களையும் ஒரு நோட்டில், எல்லா ஊர்களையும் இன்னொரு நோட்டில், எல்லாப் பிறந்த தேதிகளையும் மூன்றாவது நோட்டில், அதே வரிசை எண்ணுடன் எழுதி வைப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். ஊர் வேண்டுமென்றால் ஊர் நோட்டை மட்டும் எடுத்தால் போதும், மற்றவற்றைத் தொடவே வேண்டாம். 2013இல் வெளியான 'பார்க்கே' என்ற கோப்பு முறை ஏறத்தாழ இத்தகையது. அதிலிருந்து பிறந்த 'ஜியோபார்க்கே' முறையில்தான், 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஓவர்சர் என்ற அமைப்பு தன் உலக வரைபடத் தரவை வெளியிடுகிறது. அத்தகைய கோப்பில் வேண்டிய பத்தியை மட்டும் கேட்பது பெரிய லாபம். முழுக் கோப்பையும் இறக்காமலே காரியம் முடிந்துவிடும்.

இனி எங்கள் இரண்டாவது தவற்றுக்கு வருவோம். முதல் தவறு டேட்டாவைத் தின்றது. இரண்டாவது தவறு அதைவிடப் பெரிது.

சூடு கண்ட பூனைபோல, இம்முறை மிகமிகக் குறைவாகக் கேட்டோம். வரைபடம் தமிழில் வரப் போகிறது. ஆகவே தமிழ்ப் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை என்று மூன்றே பத்திகள். சில நொடிகளில் சின்னஞ்சிறு கோப்பு வந்து இறங்கியது. பெயர்ப் பத்தி வெறுமையாக இருந்த வரிகளைப் பிழை என்று நினைத்து நீக்கினோம். எஞ்சிய ஊர்களைப் பெரிய சார்ட்டில் குறித்து, மாணவியர் எண்ணிக்கையைச் சிவப்பு மையால் எழுதி, காலை வணக்கத்துக்கு முன் கூடத்தில் மாட்டினோம்.

பிள்ளைகள் ஓடி வந்து தத்தம் ஊரைத் தேடினார்கள். ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு தங்கை, விரலைப் பள்ளிப்பட்டுச் சாலையின் மேல் வைத்து மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். முடிவு வரை போய்த் திரும்பவும் வந்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் வரிசையில் போய் நின்றுகொண்டாள். அவளுடைய ஊர் அந்த வரைபடத்தில் இல்லை. பிறகு சரிபார்த்தபோது அவ்வூரோடு இன்னும் மூன்று ஊர்கள் விடுபட்டிருந்தன. நான்கு ஊர்களிலுமாக 11 மாணவியர். மாலைப் பேருந்து யாருக்கு அவசியமோ, அந்தத் தொலைவூர்ப் பிள்ளைகளே அவர்கள்! மனு அப்படியே போயிருந்தால் கணக்கில் அவர்கள் வந்திருக்கவே மாட்டார்கள்.

என்ன நடந்தது? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊருக்குப் பெயர்ப் பத்தி ஒன்று மட்டும் இல்லை. பொதுப் பெயர் என்று ஒன்று, தமிழ்ப் பெயர் தனியே, தெலுங்குப் பெயர் தனியே, ஆங்கிலப் பெயர் தனியே, பழைய பெயர், மாற்றுப் பெயர் என்று பல. அவை எல்லாம் எல்லா ஊருக்கும் நிரப்பப்பட்டிருக்கும் என்பதில்லை. குறித்த தொண்டர் எதை எழுதினாரோ அது மட்டும் இருக்கும். அந்த நான்கு ஊர்களுக்கும் பொதுப் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது. ஓரிரண்டுக்குத் தெலுங்குப் பெயரும் இருந்தது. தமிழ்ப் பெயர் மட்டும் யாரும் எழுதவில்லை. நாங்கள் அந்த ஒரு பத்தியை மட்டும் கேட்டதனால் அது வெறுமையாக வந்தது. வெறுமையைக் கண்டு ஊரே இல்லை என்று தீர்மானித்துவிட்டோம். பத்தி காலியாக இருப்பது வேறு, ஊர் இல்லாதிருப்பது வேறு. இது எழுதிப் பார்த்தால் எவ்வளவு சாதாரணமாகத் தெரிகிறது! அன்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

எல்லைப்புற ஊரில் வாழும் நமக்கு இது நூல் படித்துத் தெரிய வேண்டியது அன்று. நம் பள்ளியிலேயே வீட்டில் தெலுங்கும் வகுப்பில் தமிழும் பேசுபவர் எத்தனை பேர்! பாட்டியிடம் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி. அப்படிப்பட்ட வட்டாரத்தில் ஒரே மொழியின் பத்தியைக் கேட்டு, அதையே முழு உண்மை என்று எண்ணலாமா? சமூக அறிவியல் ஆசிரியை இதைக் கேள்விப்பட்டதும் சிரித்துவிட்டு, 'ஒரு பத்தியினால்தானே அம்மா நம்ம ஊரே இந்தப் பக்கம் வந்தது' என்றார்கள். அவர்கள் சொன்ன வரலாற்றைச் சுருக்கித் தருகிறோம்.

1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சேர்ந்தது. அம்மாவட்டத்தில் இருந்த திருத்தணியும் உடன் சென்றது. ம.பொ. சிவஞானம் முதலானோர் வடக்கெல்லைக்காகக் கிளர்ச்சி செய்தது பாடநூலிலேயே நாம் படித்த செய்தி. முடிவில் எச்.வி. படாஸ்கர் நடுவராக நியமிக்கப்பட்டார். கிராமத்தை அலகாகக் கொள்வது, நிலத்தொடர்ச்சி பார்ப்பது, மொழிப் பெரும்பான்மை பார்ப்பது என்ற அடிப்படையில் எல்லை வகுக்கப்பட்டது. மொழிக்கு ஆதாரமாக இருந்தது 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதன் பேரில் 1959இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில ஊர்கள் அந்தப் பக்கம் போயின.

எண்ணிப் பாருங்கள். கணக்கெடுப்பில் வயது உண்டு, தொழில் உண்டு, எழுத்தறிவு உண்டு. அத்தனை பத்திகளுள் தாய்மொழி என்ற பத்தியே எல்லைக்கோட்டை நகர்த்தியது. கிராமந்தோறும் அந்தப் பத்தியில் எழுதிய எண்ணிக்கைதான், பலருக்கு எந்த மாநிலத்தில் ரேஷன் கார்டு, எந்த மொழியில் பள்ளிப்பாடம் என்பதை முடிவு செய்தது. இரு மொழியும் சரளமாகப் பேசும் குடும்பமாக இருந்தாலும் தாய்மொழி என்ற இடத்தில் ஒரு மொழிதான் எழுத முடியும். அது குறை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கேள்வி எப்படியோ பத்தியும் அப்படியே. ஆனால் படிப்பவர் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

திருத்தணியைப் பற்றி 'எந்த மாவட்டம்?' என்ற பத்தியைக் கேட்டால் கிடைக்கும் விடையும் இப்படியே ஆண்டுக்கு ஆண்டு மாறும். டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த 1888இல் இது வட ஆர்க்காடு மாவட்டம். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்ந்தது. 1960இல் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். மலை நகரவில்லை, 365 படிகளும் அங்கேயே இருக்கின்றன. பத்தியில் உள்ள சொல் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆகையால் மாவட்டப் பத்தியைக் கேட்கும்போது, அந்தத் தரவு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதையும் கூடவே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பழைய பட்டியல் ஒன்றில் திருத்தணியைச் சித்தூரில் கண்டு நாங்களும் முதலில் திகைத்தோம்.

பெயர், மாவட்டம் இரண்டும் இப்படி நழுவுமென்றால் எதைப் பிடித்துக்கொள்வது? எண்ணைத்தான். 2011 கணக்கெடுப்பில் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஆறு இலக்க எண் ஒன்று தரப்பட்டது. பெயரைப் பொதட்டூர்பேட்டை என்று எழுதினாலும், ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுத்துக்கூட்டினாலும் எண் ஒன்றே. இரண்டு பட்டியலை ஒன்று சேர்க்க வேண்டுமானால் இந்த எண் இல்லாமல் முடியாது. புதூர், அகரம், கண்டிகை என்ற பெயர்கள் நம் பக்கத்தில் எத்தனை ஊர்களுக்கு இருக்கின்றன! ஓர் அகரத்தின் மக்கள்தொகையை மற்றோர் அகரத்தின்மேல் ஏற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? 'அடையாள எண் எனக்கு எதற்கு, வரைபடத்தில் அதை எழுதப் போகிறேனா' என்று எண்ணி அந்தப் பத்தியை விடுவது, பரீட்சைத் தாளில் தேர்வு எண் எழுதாமல் கொடுப்பதைப் போன்றது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கும் தனி எண் உண்டு. ஆனால் முன்பு புள்ளியாக இருந்த ஊரை யாராவது பரப்பாக வரைந்து மாற்றினால் அந்த எண் மாறிவிடக்கூடும். எனவே இரண்டு எண்களையும் ஒருமுறை கையால் பொருத்தி நோட்டில் எழுதி வைத்துக்கொண்டோம். அலுப்பான வேலைதான், நான்கு சனிக்கிழமைகள் ஆயின.

இதில் குக்கிராமங்கள் தனிச் சிக்கல். கணக்கெடுப்புப் பட்டியல் வருவாய்க் கிராமத்தோடு நின்றுவிடும். அதன் காலனிக்கும் ஏரிக்கரைக் குடியிருப்புக்கும் அங்கே தனி வரி கிடையாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊரா, குக்கிராமமா, நகரமா என்று காட்டும் வகைப் பத்தி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கியபின், தாய்க்கிராமத்தின் எண்ணைக் குக்கிராமத்துக்கும் எழுதி, வகையால் பிரித்துக்கொண்டோம். பேருந்து நிற்கும் சாலையிலிருந்து உள்ளே நடந்து போகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் குடியிருப்புகளின் பிள்ளைகளே என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

அட்சரேகை, தீர்க்கரேகைப் பத்திகளில் நடந்த வேடிக்கையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். திருத்தணி ஏறத்தாழ 13.2 பாகை வடக்கு, 79.6 பாகை கிழக்கு. பள்ளியில் நாம் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியவர்கள். 'ஜியோஜேசன்' என்ற கோப்பு முறையிலோ தீர்க்கரேகைதான் முதலில் வரும். அதைக் கவனியாமல் பத்திகளை இடம் மாற்றிப் போட்டு வரைபடத்தைத் திறந்தோம். நம் ஊர் நார்வே நாட்டுக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளில், வடதுருவத்தை அடுத்து, பனிக்கரடிகளின் நடுவே போய் உட்கார்ந்திருந்தது! எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இவ்வளவு பெரிய தவறு நல்லது, உடனே தெரிந்துவிடுகிறது. அகரம் மாறிப்போகும் தவறு ஆண்டுக்கணக்கில் தெரியாமலே கிடக்கும்.

கேட்கக் கூடாத பத்திகளும் இருக்கின்றன. பெற்றோர் இதைக் கவனித்துப் படிக்க வேண்டுகிறோம். எல்லாம் வேண்டும் என்று கேட்ட முதல் நாளில், ஒவ்வோர் ஊரையும் கடைசியாகத் திருத்திய தொண்டரின் பயனர் பெயரும், திருத்திய நேரமும்கூட வந்து குவிந்தன. அவர் எந்த இரவில் விழித்திருந்து வேலை செய்தார் என்பது நமக்கு எதற்கு? அழித்துவிட்டோம். பள்ளி அலுவலகத்திடம் மாணவியர் பட்டியல் கேட்கப் போனபோது இதே பாடம் வேறு விதமாக வந்தது. சேர்க்கைப் பதிவேட்டில் பெற்றோர் வருமானம், சாதி, தொலைபேசி எண், வீட்டு முகவரி எல்லாம் இருக்கும். தலைமை ஆசிரியைச் சகோதரி பட்டியலைத் தரவில்லை. ஊரும் வகுப்பும் மட்டும் தனியாக எழுதித் தந்தார்கள், பெயர்கூட இல்லை. முதலில் எங்களுக்குச் சற்று வருத்தம்; எங்களை நம்பவில்லையோ என்று. பிறகு யோசித்தால், வரைபடத்துக்கு வேறு எதுவுமே தேவைப்படவில்லை. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது.

அதற்குப் பிறகும் ஓர் இடறல் வந்தது. ஒரு குக்கிராமத்திலிருந்து வருவது ஒரே ஒரு மாணவி. பெயர் எழுதாவிட்டாலும் '1' என்று குறித்தால் அது யார் என்று ஊருக்கே தெரியும்; மாலையில் தனியே நடந்து போகிறாள் என்பதையும் சேர்த்துச் சுவரில் ஒட்டியதாக ஆகும். எனவே ஐந்து பேருக்குக் குறைவான ஊர்களுக்கு எண் எழுதாமல் ஒரே அளவான சிறு வட்டம் மட்டும் போட்டோம். சரியான எண்ணிக்கை மனுவோடு மூடிய உறையில் சென்றது.

மூன்றாம் முறை நாங்கள் கேட்ட பத்திகள் இவை: அடையாள எண், வகை, பொதுப் பெயர், தமிழ்ப் பெயர், தெலுங்குப் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை. ஏழே பத்திகள். தமிழ்ப் பெயர் இருந்தால் அது, இல்லாவிட்டால் தெலுங்கு, அதுவும் இல்லாவிட்டால் பொதுப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, தமிழில் எப்படி எழுதுவது என்று அந்தந்த ஊர்ப் பிள்ளைகளிடமே கேட்டு எழுதினோம். மக்கள்தொகையைக் கணக்கெடுப்புப் பட்டியலிலிருந்து எண்ணை வைத்துச் சேர்த்தோம். கோப்பு ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது. ஆய்வகத்துப் பழைய கணினியும் முகம் சுளிக்காமல் திறந்தது.

புதிய வரைபடம் கூடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. தரவு பெற்ற தேதியும் எங்கிருந்து பெற்றோம் என்பதும் கீழ் ஓரத்தில் எழுதப்பட்டுள்ளன. ஏழாம் வகுப்புத் தங்கையின் ஊர் பள்ளிப்பட்டுச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. எழுத்துக்கூட்டலை அவளே சரிபார்த்துத் தந்தாள். மனு கொடுத்தாயிற்று, விடை இன்னும் வரவில்லை. தமிழ்ப் பெயர் இல்லாதிருந்த நான்கு ஊர்களுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நாங்களே ஒரு கணக்குத் தொடங்கிப் பெயரை எழுதிச் சேர்த்தோம். தெலுங்குப் பத்தி காலியாக உள்ள ஊர்கள் இன்னும் பல இருக்கின்றன. அவற்றை எழுதத் தெரிந்த பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால், சனிக்கிழமை காலையில் ஆய்வகத்துக்கு அழைத்து வாருங்கள்.